கூடிவந்தவர்கள் – 7: மனமில்லாமல் போன புதன்கிழமை

சென்ற வாரம் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் கேலியாக 'ஹோலி கிளப்' என்று அழைத்த குழுவைப் பார்த்தோம். புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்திப்பது என்று ஒழுங்கு தவறாத கூட்டம் அது. அதன் தலைவர் ஜான் வெஸ்லி பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யப் போனார். போன காரியம் எதுவும் உருப்படவில்லை. 1738 பிப்ரவரியில் இங்கிலாந்து திரும்பியபோது வயது 34. அபிஷேகம் பெற்ற குருவானவர்தான், ஆனால் தனக்கு விசுவாசம் இருக்கிறதா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம்.

அந்த ஆண்டு மே 24, புதன்கிழமை. பிற்பகலில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்குப் போய்வந்தார். மாலையில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம் இருந்தது. அதற்குப் போக மனமே இல்லை என்று அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் போனார். அங்கே ஒருவர், ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். 200 ஆண்டுகளுக்கும் மேலான பழைய முன்னுரை! தூக்கம் வராமல் கேட்பதே பெரிய காரியம். ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்கு, அதைக் கேட்டுக்கொண்டிருந்த வெஸ்லிக்குள் ஏதோ நிகழ்ந்தது. உலகெங்கும் உள்ள, வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டுகள் இன்றைக்கும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள்.

வாசித்தவர் யார்? வெஸ்லி பெயரைக் குறிப்பிடவில்லை. எனக்கென்னவோ வெஸ்லியைவிட அந்த ஆளின் மேல்தான் கண். வேலை முடிந்த களைப்பில், 'இன்றைக்கு ஒருநாள் போகாவிட்டால் என்ன' என்று அவரும் வீட்டிலேயே இருந்திருக்கலாம். வந்து வாசித்தார். யாருக்காக வாசித்தோம் என்பதே அன்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஜெபக்கூட்டத்துக்குப் போய் 'எனக்கு என்ன கிடைத்தது' என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த திருப்பம் பிரிஸ்டல் நகரில். 1739இல் வெஸ்லி அங்கே 'நியூ ரூம்' என்ற கூடத்தைக் கட்டத் தொடங்கியதில் கடன் ஏறிவிட்டது. 1742 பிப்ரவரி 15 அன்று கடனை அடைக்கும் வழி பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். பலர் ஏழைகளாயிற்றே என்று எதிர்ப்பு வந்தது. 'மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். வாரந்தோறும் நானே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவர்களால் முடியாவிட்டால் அந்தப் பணத்தையும் நானே போடுகிறேன்' என்றார். மற்றவர்களும் ஆளுக்குப் பதினொரு பேரை ஏற்றுக்கொண்டார்கள்.

பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்களின் கண்ணில் வேறு விஷயங்கள் பட்டன. ஒருவன் ஒழுங்கில்லாமல் வாழ்கிறான் என்ற செய்தி வெஸ்லிக்கு வந்தது. அங்கத்தினரின் வாழ்க்கையைக் கவனிக்க இத்தனை நாள் தேடிய வழி இதுதான் என்று அவர் பிடித்துக்கொண்டார். ஆனால் வீடு தேடிப் போவதில் ஒரு சிக்கல். பலர் வேலைக்காரர்கள்; எஜமான் வீட்டில் தங்குகிறவர்கள். அங்கே போய்த் தனியாகப் பேச முடியுமா? ஆகவே பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் 'கிளாஸ் மீட்டிங்'. கடன் வசூலில் பிறந்த ஆவிக்குரிய ஏற்பாடு!

இதில் வருகைப் பதிவு உண்டு. வந்தாரா, நோயா, வேலையா, அலட்சியமா என்று தனித்தனி எழுத்துப் போட்டுக் குறித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கத்தினர் சீட்டு புதுப்பிக்கப்படும். ஒழுங்காக வராதவருக்குச் சீட்டு கிடைக்காமல் போகலாம். பள்ளிக்கூடக் கெடுபிடி என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒருவர் வரவில்லை என்பதை வாரத்துக்குள் கவனிக்க ஓர் ஆள் இருந்தார் என்பதையும் பாருங்கள். ஞாயிறு ஆராதனையில் ஐந்நூறு பேருக்கு நடுவே நீங்கள் ஒரு மாதம் காணாமல் போனால் போதகருக்குத் தெரியவே நாளாகும். பன்னிரண்டு பேர் உட்காரும் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், தேநீர் ஊற்றுகிற அக்காவுக்கே தெரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. வாரம் தவறாமல் ஒரே சாட்சியை ஒப்பிக்கிறவர், ஜெபத்தை ஆரம்பித்தால் முடிக்காதவர், ஊர்க்கதையை ஜெபக்குறிப்பாக மாற்றுகிறவர் எல்லாக் காலத்திலும் உண்டு. 'வரவேண்டும்' என்ற விதி வலுவிழந்தபோது கிளாஸ் மீட்டிங்கும் தேய்ந்தது. அமெரிக்காவின் தென்பகுதி மெதடிஸ்ட் சபை 1866இல் அந்தக் கட்டாயத்தையே கைவிட்டது. என் கருத்தில், சலிப்பு இந்த ஏற்பாட்டைக் கொல்லவில்லை. பிடித்தால் வரலாம் என்று சொன்னதுதான் கொன்றது.

இந்த ஏற்பாடு நம் பக்கமும் வந்தது. 1814இல் வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் சென்னைக்கும் வந்தார்கள். இங்கே அவர்கள் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. மன்னார்குடி, கரூர், தாராபுரம், யாழ்ப்பாணம் பக்கம் வேர் உள்ள வாசகர்களே, பாட்டியின் பழைய வேதாகமத்துக்குள் கிளாஸ் மீட்டிங் அங்கத்தினர் சீட்டு ஒன்று இருந்தால், அதிலுள்ள ஆண்டைக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள்.

(தொடரும்)