சின்னப் பிள்ளைகளோடு மைதானத்துக்கு: எந்த ஆட்டம், எந்த இருக்கை, எந்த வாசல்?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மெஸ்ஸி எந்தக் காலால் உதைப்பார் என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். இலங்கை அணியின் கோல் காப்பாளர் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். தொலைபேசித் திரைக்கு வெளியே ஒரு உதைபந்தாட்டப் போட்டியைப் பார்த்தவர்கள் என் மகளும் மகனும் மட்டும்தான். ஆகவே கேள்வி என்னிடம் வருகிறது: “அக்கா, ஐந்து வயதுப் பிள்ளையை மெட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகலாமா? பயமில்லையா?”

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் கேட்பவர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த பிறகு, சனம் கூடும் இடத்துக்குப் பிள்ளையோடு போக இரண்டு தரம் யோசிக்கும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. 2020 மே 21ஆம் திகதி மாளிகாவத்தையில் பண உதவி வாங்க வந்த கூட்டத்தில் நெரிபட்டு மூன்று பெண்கள் இறந்தார்கள். சுகததாச விளையாட்டரங்கு அங்கிருந்து தூரமில்லை. “ஒன்றும் நடக்காது” என்று சொல்லி யாரையும் நான் அனுப்ப மாட்டேன். ஆபத்து எங்கே இருக்கிறது, அதில் எவ்வளவை நாமே தவிர்க்கலாம், எவ்வளவு மைதானத்தின் பொறுப்பு என்று பிரித்துப் பார்ப்பதே பிரயோசனமானது.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது?

எத்தனை வயதில் போகலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த ஆட்டத்துக்குப் போவது என்பதே முதலில் கேட்க வேண்டியது. கொழும்பில் மூன்று விதமான அனுபவங்கள் கிடைக்கும்.

முதலாவது பாடசாலைப் போட்டிகள். கொட்டாஞ்சேனை புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி போன்ற பாடசாலைகளின் கீழ் வயதுப் பிரிவு ஆட்டங்களில் கூட்டம் குறைவு. நேரமும் குறைவு. ஆடுவோர் தன்னைவிடக் கொஞ்சமே பெரியவர்கள் என்பதால் பிள்ளைக்கு உடனே பிடித்துவிடும்.

இரண்டாவது கழகப் போட்டிகள். கொம்பனித் தெருவில் உள்ள சிட்டி லீக் மைதானம் போன்ற இடங்களில் கோட்டுக்கு மிக அருகிலிருந்தே பார்க்கலாம். வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் பந்து பாதத்தில் படும் ஓசையும் கேட்கும். கொட்டாஞ்சேனைக்கென்றே ஒரு கழகம் உண்டு, ரட்ணம் விளையாட்டுக் கழகம். நாட்டின் முதல்தர லீக் கிண்ணத்தை வென்ற கழகம் அது. ஆனால் பரம வைரிகளான இரண்டு கழகங்கள் மோதும் நாளையும் கிண்ணம் தீர்மானமாகும் நாளையும் முதல் தடவைக்குத் தெரிவு செய்யாதீர்கள். வாய்த்தர்க்கம் முற்றுவது அப்படியான நாட்களில்தான்.

மூன்றாவது தேசிய அணியின் ஆட்டங்கள். இவை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ சுகததாச அரங்கிலோ நடக்கும். சுகததாசவில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் வீரர்கள் தூரத்தில் தெரிவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ரேஸ்கோர்ஸில் அந்தத் தூரம் குறைவு.

என் அனுபவத்தில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பாதி ஆட்டம் போதும். இடைவேளையோடு வீட்டுக்குப் போவது தோல்வியல்ல. ஏழு வயதளவில் முழு ஆட்டத்தையும் இருந்து பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அங்கே கிடைப்பது சத்தமும் வெக்கையும் மட்டுமே.

காதுக்கு எவ்வளவு தாங்கும்?

இலங்கையில் மெட்ச் என்றால் பப்பரே வாத்தியம் இருக்கும். பெரியவர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். பிள்ளையின் காதுக்கு அதன் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்டல் அளவுகோலின்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 80 டெசிபல் சத்தம் 40 மணித்தியாலம்வரை ஆகும். பிள்ளைகளுக்கு 75 டெசிபல்தான். சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபல் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு அந்த வாரத்துக்கான அளவு ஏழெட்டு நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஊதுகுழலும் மேளமும் ஓரிரு மீற்றர் தூரத்தில் முழங்கினால் அந்த அளவை எட்டுவது கடினமில்லை.

வாத்தியக்காரர்களைக் கண்டதும் இடம் மாறுங்கள். இதற்குச் செலவில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 5 மீற்றரிலிருந்து 40 மீற்றருக்கு நகர்ந்தால் 18 டெசிபல் குறைந்துவிடும். அதற்கு மேலும் தேவையென்றால் தலைக்கு மேலால் மாட்டும் சிறுவர் காதுக் கவசம் வாங்கலாம். பஞ்சு அடைப்பதில் பெரிய பலனில்லை. காதுக்குள் செருகும் சிறு அடைப்பான்களைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளக்கூடும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சத்தமும் கூட்டமும் இன்னும் பெரிய தடை. இங்கிலாந்தின் சண்டர்லாந்து கழகம் 2015இல் தன் அரங்கில், கண்ணாடி வழியே ஆட்டத்தைப் பார்க்கக்கூடிய சத்தம் குறைந்த அறை ஒன்றை இவர்களுக்காகத் திறந்தது. இங்கே அப்படி இல்லாததால், கூட்டமற்ற பாடசாலை ஆட்டமே இவர்களுக்கு ஏற்ற தொடக்கம்.

வாசல்தான் முக்கியம்

உதைபந்தாட்ட அரங்குகளில் நடந்த பெரிய உயிரிழப்புகள் பலவற்றில் சனம் இறந்தது அடிபட்டல்ல, நெரிபட்டு. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசல் 97 பேரின் உயிரைக் குடித்தது. இறந்தவர்களில் மிக இளையவனுக்கு 10 வயது. 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி இந்தோனேசியாவின் மலாங் பகுதியில், கஞ்சுருஹான் அரங்கில் ஆட்டம் முடிந்ததும் பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசல்களுக்கு ஓடினார்கள். 135 பேர் இறந்தார்கள், அவர்களில் 30க்கும் அதிகமானோர் சிறுவர்கள். அரங்குக்குள் கண்ணீர்ப்புகையைக் கொண்டுவரவே கூடாது என்று பீஃபாவின் பாதுகாப்பு விதி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

நம் ஊர்க் கூட்டங்கள் அந்தளவு பெரியவை அல்ல. ஆனால் மாளிகாவத்தையில் நடந்ததைப் பார்த்தால், நெரிசல் உண்டாகப் பல்லாயிரம் பேர் தேவையில்லை என்பது விளங்கும். ஒடுங்கிய வழியும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்த அவசரமும் போதும். அதனால் நான் கடைப்பிடிக்கும் சில பழக்கங்கள் இவை:

- உட்காரும் முன்பே இரண்டு வாசல்களைப் பார்த்து வைப்பேன். பதற்றத்தில் எல்லோரும் தாங்கள் உள்ளே வந்த வாசலுக்கே ஓடுவார்கள்.
- ஓரத்து இருக்கை, வாசல் பக்கம், நடுவரிசை. கோலுக்குப் பின்னால் இருப்பதில்லை. ஆட்டத்துக்கு முன் பயிற்சி உதைகள் வந்து விழுவது அங்கேதான்.
- ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளிக்கிடுவேன், அல்லது முடிந்து பதினைந்து நிமிடம் இருந்துவிட்டுப் போவேன். இரண்டுக்கும் நடுவில் எழும்புவதில்லை.
- கூட்டம் இறுகினால் சின்னவனைத் தூக்கிக்கொள்வேன். குழந்தைத் தள்ளுவண்டி கொண்டுபோவதில்லை.
- வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது பிள்ளைகளைப் படமெடுத்து வைப்பேன். தொலைந்தால் என்ன உடுப்பு என்று யோசிக்க வேண்டியதில்லை. என் தொலைபேசி இலக்கத்தைக் கையில் பேனாவால் எழுதிவிடுவேன்.
- பொலிஸ் 119, அம்பியுலன்ஸ் 1990, சிறுவர் உதவிச் சேவை 1929. மூன்றும் தொலைபேசியில் பதிந்திருக்க வேண்டும்.

வெயில், மழை, மின்னல்

கழக ஆட்டங்கள் பெரும்பாலும் பின்னேர வெயிலில் தொடங்குகின்றன. தொப்பி, போதிய தண்ணீர், நிழலுள்ள பக்கம் இவை மூன்றும் அவசியம். நன்றாக வியர்க்கும் பிள்ளைக்கு ஒரு ஜீவனிப் பக்கற்றும் பையில் இருக்கட்டும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வழக்கம். திறந்த மைதானம் மின்னலுக்கு மோசமான இடம். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டக்கூடிய தூரத்தில்தான் நாம் இருக்கிறோம். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வராதீர்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெண்பிள்ளையோடு போகும்போது

ஆபத்தைவிட அதிகமாக எங்களை வீட்டுக்கு அனுப்பியது மலசலகூடம். கொழும்பில் ஒரு மைதானத்தில் பெண்களுக்கான மலசலகூடம் பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. ஆறு வயது மகளோடு பக்கத்துக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது ஒரு கோலும் எங்கள் பொறுமையும் போயிருந்தன. இப்போது போன உடனேயே அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

அரங்கில் பெண்கள் குறைவு என்பதால் மலசலகூடம் திறக்கப்படுவதில்லை. மலசலகூடம் இல்லாததால் பெண்கள் வருவதில்லை. இதை யாராவது ஒரு பக்கத்தில் அறுக்க வேண்டும். துருக்கியில் 2011இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஃபெனர்பாச்சே கழகத்தின் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் புகுந்ததால், அடுத்த ஆட்டங்களைப் பூட்டிய அரங்கில் நடத்தவேண்டும் என்று தண்டனை வந்தது. பிறகு சம்மேளனம் அதை மாற்றி, ஆண்களை மட்டும் தடுத்து, பெண்களையும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் இலவசமாக அனுமதித்தது. செப்டெம்பர் 20ஆம் திகதி மனிசாஸ்போர் அணியுடனான ஆட்டத்துக்கு 41,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். அத்தனை பெண்களும் பிள்ளைகளும் அதுவரை வராமல் இருந்தது விருப்பமில்லாததால் அல்ல.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போக வேண்டும்?

1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை 1-0 என்று இந்தியாவை வென்றது. அதன் பிறகு அந்தக் கிண்ணம் நம் கைக்கு வரவில்லை. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதம்தான் தடை நீங்கியது. அத்தனை மாதங்கள் சர்வதேச ஆட்டமே இல்லாமல் போனதைப் பெரும்பாலான வீடுகள் கவனிக்கக்கூட இல்லை. பார்க்க ஆளில்லாத விளையாட்டை யார் எப்படி நிர்வகித்தாலும் கேட்க ஆளிருக்காது.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 நவம்பரில் ரேஸ்கோர்ஸில் நான்கு நாடுகள் மோதிய தொடரில் மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் இலங்கைக்காக ஆடினார். அடுத்த ஆண்டே அவர் மாலைதீவில் இறந்துபோனார். தமிழ் பேசும் ஒருவர் தேசிய அணியின் சட்டையோடு நிற்பதையும், பக்கத்து இருக்கைகளில் சிங்களத்திலும் தமிழிலும் அவரை உற்சாகப்படுத்துவதையும் ஒரு பிள்ளை தன் கண்ணால் காணக்கூடிய இடங்கள் இந்த நகரத்தில் அதிகமில்லை.

பெற்றோரின் கவனம் பாதி வேலையைத்தான் செய்யும். வாத்தியத்துக்கு எட்ட ஒரு குடும்பப் பகுதியை ஒதுக்குவது, மலசலகூடத்தையும் குடிநீரையும் உறுதிப்படுத்துவது, ஆட்டம் முடியும் முன்பே எல்லா வாசல்களையும் திறந்து வைப்பது மறுபாதி. இவற்றுக்குப் புதிய அரங்கு எதுவும் கட்டத் தேவையில்லை. அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது வாசலில் நிற்பவரிடம் குடும்பப் பகுதி எங்கே என்று கேளுங்கள். இல்லை என்பார். பலர் கேட்டால் அந்தப் பதில் மாறும்.