சுவரில் பூசணம்! கூரையில் எமன்! பழைய கட்டிடத்தில் எதை முதலில் சோதிப்பது?

தாராபுரம்:-

அமராவதி ஆற்றங்கரை ஊர் தாராபுரம். திருப்பூர் பனியன் தொழிலின் காற்று இங்கும் வீசுகிறது. பழைய குடோன்கள், தறிக்கூடங்கள், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள்... அண்ணாந்து பார்த்தால் பல இடத்தில் ஒரே கூரைதான். சிமெண்ட் சீட்டு!

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்கிறது. கூரை ஒழுகுகிறது. சுவரில் கறுப்புத் திட்டு படர்கிறது. மக்கல் வாடை மூக்கைத் துளைக்கிறது. அடுக்கி வைத்த பனியன் துணியில் புள்ளி விழுகிறது. முதலாளி பதறுகிறார். "எவ்வளவு செலவானாலும் சரி, இந்தப் பூசணத்தை டெஸ்ட் பண்ணிடலாமுங்க" என்கிறார்.

கையில் இருப்பது ஒரு சோதனைக்குத்தான் பணம். எதற்குச் செலவழிப்பது? பூசணத்துக்கா, தலைக்கு மேல் இருக்கும் கல்நாருக்கா?

சத்தம் போடுகிறவன்

போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையும் நிருபருக்கு ஒன்று தெரியும். சத்தம் போடுகிறவன் சட்டையைத்தான் பிடிப்பான். கத்தி வைத்திருப்பவன் வாயே திறக்கமாட்டான்.

பூசணம் முதல் ரகம். கண்ணுக்குத் தெரியும்; மூக்குக்கும் தெரியும். ஆஸ்துமாக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் இழுப்பு, தும்மல், இருமல் கொடுக்கும். கெட்டதுதான். ஆனால், அதைக் கண்டுபிடிக்கச் சோதனைச்சாலை எதற்கு? கண்ணால் பார்த்துவிட்டால், பெரும்பாலும் சோதனையே தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமே சொல்கிறது.

பூசணத்தின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. ஓட்டையை அடையுங்கள். கசியும் குழாயை மாற்றுங்கள். நனைந்ததை 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்துங்கள். காற்றோட்டம் விடுங்கள். சோதனைப் பணம் மிச்சம்!

வாய் திறக்காதவன்

கல்நார் இரண்டாவது ரகம். வாடை இல்லை, நிறம் இல்லை. சீட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் கலந்திருக்கும். சும்மா கிடக்கும் நல்ல சீட்டால் ஆபத்து குறைவு. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும். மூச்சோடு போய் நுரையீரலில் குத்திக்கொண்டு உட்காரும்.

உடனே ஒன்றும் ஆகாது. 20 வருஷம், 30 வருஷம், 40 வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். அப்போது மேஸ்திரி எங்கே, முதலாளி எங்கே? யார்மேல் கேஸ் போடுவது? பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

வேலை செய்த இடத்தில் சுவாசித்த கல்நாரால் உலகில் வருஷத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல் சாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பிரிட்டன் 1999-ல் தடை போட்டது. கேரள மனித உரிமை ஆணையம் 2009-ல் பள்ளிக்கூடங்களின் கல்நார்க் கூரையை மாற்ற உத்தரவிட்டது. 1995-லேயே நமது சுப்ரீம் கோர்ட், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏன் 40? நோய் அவ்வளவு தாமதமாக வரும்! ஆனாலும் வெள்ளைக் கல்நார் இந்தியாவில் இன்றும் தடை செய்யப்படவில்லை.

பிரஷ் போடாதீர்கள்!

இருவரும் கூட்டுச் சேரும் இடம் ஒன்று உண்டு. மழையில் கறுத்த சீட்டைப் "பளபளன்னு ஆக்கிடலாமுங்க" என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். பூசணம் போகும், கல்நார் கிளம்பும்! பழைய சீட்டின்மேல் கால் வைத்தால் மடார் என்று உடைந்து ஆள் கீழே விழுவான். அந்தச் சாவுச் செய்தியை எழுதிய கை இது.

அப்படியானால் எது?

கட்டிடத்தை இடிக்கவோ, கூரையை மாற்றவோ, துளை போடவோ போகிறீர்களா? முதல் சோதனை கல்நாருக்குத்தான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைச்சாலையில் மைக்ராஸ்கோப் வைத்துத்தான் சொல்ல முடியும். துண்டு உடைத்து எடுப்பதைத் தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

சோதிக்க வசதி இல்லையா? பழைய சீட்டு என்றால் கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்கச் சொல்லுங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை நாரைத் தடுக்காது. நுண்தூசிக்கான நல்ல முகமூடி வேண்டும். குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். உடைந்த துண்டைத் தெருப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். எங்கே போடுவது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள்.

இடிக்கும் வேலை இல்லை, ஒழுகல் மட்டும்தானா? இரண்டு சோதனையும் வேண்டாம். ஓட்டையை அடையுங்கள், போதும். அடைக்க வருகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சீட்டில் துளை போடக்கூடாது, அறுக்கக்கூடாது, மேலே ஏறி நிற்கக்கூடாது.

தினக்கூலிக்கு வந்த ஆள் ஏணியில் கால் வைக்கிறார். தலைக்கு மேல் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும். ஒரு நிமிஷம் அவரை நிறுத்துங்கள்!