இணைப்பு வழு: காரணமும் தீர்வும்

தொகுப்பான் மூலநிரலைப் பொறிமொழிக் கோப்பாக மாற்றும். அக்கோப்பையும் நூலகக் கோப்புகளையும் சேர்த்து இயங்கத்தக்க செய்நிரலாக்குவது இணைப்பான் ஆகும். தொடரியல் வழு எதுவுமின்றித் தொகுக்கப்பட்ட செய்நிரலும் இணைக்கும்போது ‘அன்டிபைன்ட் ரெபரன்ஸ்’ என்னும் செய்தியுடன் நின்றுவிடலாம்.

காரணம் யாது? இணைப்பான் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவுக்கு எழுதும் கடிதத்தில் ‘காரைதீவு’ என எழுதினால், அது அம்பாறை மாவட்டத்துக்குச் சென்றுவிடும் அல்லவா? சீ பிளஸ் பிளஸ் சார்பொன்றின் பெயரை, விண்டோசில் விஷுவல் சீ பிளஸ் பிளஸ் வினாக்குறியில் தொடங்கும் குறியீடாகப் பதியும்; மின்ஜிடபிள்யூ அடிக்கோட்டில் தொடங்கும் குறியீடாகப் பதியும். எனவே ஒன்றில் ஆக்கிய நூலகத்திலுள்ள சார்பை மற்றையதன் இணைப்பான் கண்டுகொள்ளாது.

தீர்வுகள்:
1. செய்நிரலும் நூலகமும் இரண்டுமே 32 பிட் அல்லது இரண்டுமே 64 பிட் என்பதை உறுதிசெய்க.
2. நூலகத்தின் மூலநிரல் இருப்பின், அதனையும் அதே தொகுப்பானால் மீளத் தொகுக்க.
3. இல்லையெனில், அத்தொகுப்பானுக்கென ஆக்கப்பட்ட நூலகத்தைப் பெறுக.
4. சீ மொழி முறையில் பெயர்களை வெளியிடும் டிஎல்எல் கோப்பை இரண்டிலும் பயன்படுத்தலாம்.

கவனிக்க: சரியான மூலநிரலை மீண்டும் மீண்டும் திருத்துவதால் இவ்வழு நீங்காது. ‘செய்நிரல் வழுவின்றித் தொகுக்கப்பட்டது, ஆனால் இயங்கத்தக்க கோப்பு உருவாகவில்லை. வழு எக்கட்டத்தில்?’ என வினவப்பட்டால், விடை: இணைப்புக் கட்டம்.