சொட்டுக் கணக்கு தெரிந்தவர்கள்

1832இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் காலரா பரவியது. வாந்தி பேதியால் உடம்பு வற்றிச் சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக்குழாயில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் உள்ளே போனது. ஒடுங்கியிருந்த நாடி திரும்பியது, முகம் தெளிந்தது. இனிப் பிழைத்துக்கொள்வார் என்று லாட்டா கிளம்பிவிட்டார். பேதி மறுபடி தொடங்கியது. உப்புநீர் மறுபடி ஏற்றப்படவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் மூதாட்டி இறந்துபோனார்.

சலைன் எனும் உப்புநீரை ஏற்றினால் மட்டும் போதாது, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். இன்று அந்தப் பொறுப்பு வார்டு நர்ஸுடையது.

‘அரை லிட்டர், நான்கு மணி நேரத்தில்’ என்று டாக்டர் எழுதுகிறார். அதை நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று மாற்றுவது நர்ஸ். சலைன் இறங்கும் குழாய், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்றால் 125. எந்த செட் என்று பார்க்காமல் எண்ணினால் அளவு மூன்று மடங்கு மாறிவிடும். வேகம் கூடினால் பலவீனமான இதயம் தாங்காது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். டெங்குவில் ரத்தக்குழாய்களிலிருந்து கசிந்த நீர், ஓரிரு நாளில் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் சலைன் பழைய வேகத்தில் இறங்கினால் அதுவே ஆபத்து.

எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். செஃப்ட்ரியாக்சோன் மருந்தை ரிங்கர் லாக்டேட் என்ற திரவத்தில் கலந்தால், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினும் டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் அப்படித்தான் படியும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேராகச் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். சலைனில் கலந்த பிறகும் பாட்டிலைப் பலமுறை தலைகீழாகப் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தங்கிய மருந்து மொத்தமாக முதலில் இறங்கும்.

சலைன் ஏற்றுவதற்காகக் கேனுலா என்ற சிறு குழாய் போட்ட இடத்தையும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்க வேண்டும். சிவந்து, சுட்டு, ரத்தக்குழாய் கயிறுபோல் தடித்தால் உடனே கழற்றி வேறிடத்தில் போட வேண்டும். தாமதித்தால் கிருமி ரத்தத்தில் கலக்கும் அபாயம் உண்டு.

இவ்வளவும் நர்சிங் படிப்பிலேயே சொல்லித்தரப்படுகிறது. ஆனால் புதிய மருந்துகளும் கருவிகளும் வந்துகொண்டே இருப்பதால், ஒருமுறை படித்தது பணிக்காலம் முழுவதற்கும் போதாது. பயிற்சியை மருத்துவமனைகள் குறித்த இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். ஒரே நர்ஸ் வார்டு முழுவதையும் ஓடியோடிப் பார்க்கும் இடத்தில் எவ்வளவு அறிவிருந்தாலும் சொட்டு எண்ண நேரம் இருக்காது. அதனால் போதிய நர்ஸ்களை நியமிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். நோயாளியோடு இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: சீக்கிரம் முடியட்டும் என்று, சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலரைத் தாமே திருகக் கூடாது. கை வீங்கினாலோ, எரிந்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ தயங்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.