'வீரப்பன் ஊரா?'

காலேஜ்ல முதல் நாள். 'எனக்கு சத்தியமங்கலமுங்க'ன்னு சொல்லிப் பாருங்க. 'அட, வீரப்பன் ஊரா?' என்பாங்க. அவர் சுட்டுக்கொல்லப்பட்டது 2004-ல். இந்தக் கேள்விக்கு மட்டும் சாவே இல்லை!

சினிமாவுக்கு அந்த மீசையும் துப்பாக்கியும் போதும். டி.வி. கொஞ்சம் ஆழமாப் போனது. மக்கள் தொலைக்காட்சியில் வ.கௌதமன் இயக்கிய 'சந்தனக்காடு' தொடர், தேடுதல் வேட்டையில் சிக்கிய மலைக்கிராமத்து ஜனங்களின் வலியையும் காட்டியது. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த, செல்வமணி செல்வராஜின் 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' நாலே எபிசோடுதான். மனைவி முத்துலட்சுமியும் பேசுறாங்க, போலீஸ் அதிகாரிகளும் பேசுறாங்க. ஹீரோவா, வில்லனா? தீர்ப்பு நம்ம கையில்.

அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் தரச்சொல்லி 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த நாட்களைப் பார்த்தவங்க நம்ம வீட்டுத் திண்ணையிலேயே இருக்காங்க. அடுத்த லீவுக்கு செல்போன் கேமராவோட உட்காருங்க. 'அப்ப என்னதான் நடந்துச்சுங்க அம்மிச்சி?'ன்னு கேளுங்க. படம் பிடிக்க வேண்டாம்னு சொன்னா, போனை வச்சுட்டு காதை மட்டும் கொடுங்க. நம்ம ஊர்க் கதையை நாமதானே சொல்லணும்!