கருத்துச் சொல்ல விடுகிறார்களா?

மத்திய அரசு ஒரு வரைவை இணையத்தில் ஏற்றி, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிக்கிறது. பல வரைவுகளுக்கு, அவை யார் கண்ணிலும் படாமலே கெடு முடிந்துவிடுகிறது. மக்களுக்கு அக்கறை இல்லை என்ற பேச்சும் உடனே எழுகிறது. இது அநியாயமான பழி. வழி எளிதானால் மக்கள் எழுதுகிறார்கள்.

2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’, வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல், 20 கேள்விகள், சட்டமும் தொழில்நுட்பமும் பின்னிய ஆங்கிலம். தன்னார்வலர்கள் சிலர் அந்தக் கேள்விகளை எளிமையாக்கி, பதில்களையும் தயாராக எழுதிவைத்து, சில சொடுக்குகளில் அனுப்ப வழிசெய்தார்கள். ஏஐபி நகைச்சுவைக் குழுவின் வீடியோ விஷயத்தை இளைஞர்களிடம் கொண்டுசேர்த்தது. இணையச் சேவைகளிடையே பாரபட்சம் கூடாது என்று ஒரே மாதத்துக்குள் பத்து லட்சம் மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றை டிராய் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு அப்படியே வெளியிட்டது பெரும் தவறு. அடுத்த முறை எழுத ஒருவர் தயங்கினால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் பலன் கிடைத்தது: இணையச் சேவைக்குப் பாரபட்சமான கட்டணம் கூடாதென 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தடை விதித்தது.

கடினமான நடையைவிட மொழித் தடை கொடியது. 2020இல் கொரோனா ஊரடங்கு வேளையில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. சுரங்கமோ ஆலையோ தன் ஊருக்கு வரப்போகிறது என்றால் முதலில் பேச வேண்டியவர் அந்த ஊர்க்காரர். அவருக்குப் புரியாத மொழியில் அவரிடம் கருத்துக் கேட்டார்கள்! அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மத்திய அரசோ அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. தமிழகத்தில் சூழலியல் அமைப்புகள் வரைவைத் தமிழில் விளக்கின. நடிகர் கார்த்தி அறிக்கை வெளியிட்டார். நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் கருத்துகள் போய்ச் சேர்ந்தன.

எழுதியதை யாராவது படித்தார்களா என்பது தெரியாதவரை, ஒருமுறை எழுதியவர் மறுமுறை எழுதுவாரா? 2014இல் மத்திய அரசே வகுத்த கொள்கை, வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கவும், எளிய மொழியில் விளக்கம் தரவும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகத்தின் தளத்தில் வெளியிடவும் சொல்கிறது. ஆனால் 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளுக்குக் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டா என்று அதே அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அந்தச் சுருக்கத்தை வெளியிட நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. அமைச்சகம் மனம் வைத்தால் போதும்.