சிறு படகு, பெருங்கடல் – 11: எத்தனை பாகம் கயிறு?

நங்கூரம் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை கிலோ?” என்றுதான். கயிற்றைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும். கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு கயிறு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. நங்கூரம் எந்த வகையாக இருந்தாலும், அது தரையில் ஊன்றி நிற்குமா, மண்ணை உழுதுகொண்டு படகின் பின்னால் வருமா என்பதைப் பெரும்பாலும் கயிற்றின் நீளமே முடிவு செய்கிறது.

பத்து கிலோ இரும்பு வெறும் எடையால் 28 அடி ஃபைபர் படகைக் காற்றில் நிறுத்திவிடாது. அதன் நாக்கு தரைக்குள் புதைய வேண்டும். படுக்கைவாட்டில் இழுத்தால் புதையும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். நங்கூரத்தை எடுக்கும்போது நாம் செய்வதும் இதைத்தானே? கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நேர் மேலே வந்து நின்று தூக்குகிறோம். கயிற்றைக் குறைத்து விட்டவரின் படகில் அந்த வேலையை அலை செய்துவிடும்.

ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு விட்டால், அது தரையோடு சுமார் 19 டிகிரி கோணத்தில் இழுக்கும். ஐந்து மடங்கில் அது பதினொன்றரை டிகிரி, ஏழு மடங்கில் எட்டு. பத்து மடங்கு விட்டாலும் ஆறுக்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். அதாவது மூன்றிலிருந்து ஏழுக்குப் போவதில்தான் பெரிய லாபம். அமைதியான பகலில், ஆள் விழித்திருக்கும்போது ஐந்து போதும். இரவில் தூங்க வேண்டுமானால் ஏழு. காற்று ஏறினால் இருப்பதையெல்லாம் விடுங்கள்.

ஆனால் எதை ஏழால் பெருக்குவது? கயிறு புறப்படுவது தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல, படகின் முன்முனையான அணியத்திலிருந்து. எனவே அணியத்தின் உயரத்தையும், நீர் ஏறக்கூடிய அளவையும் ஆழத்தோடு கூட்டிக்கொண்டுதான் பெருக்க வேண்டும். பாக் நீரிணை போன்ற ஆழம் குறைந்த கடலில் இதை விட்டுவிட்டால் கணக்கே கெட்டுவிடும். ஒரு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம்) ஆழத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அணியம் அரைப் பாகம், நீரேற்றத்துக்கும் அலைக்கும் இன்னொரு அரைப் பாகம். ஆக மொத்தம் இரண்டு. ஏழு பாகம் கயிறு விட்டுவிட்டு ஏழு மடங்கு விட்டதாக நினைத்திருப்பவர், உண்மையில் விட்டது மூன்றரை மடங்குதான். ஆழம் குறைந்த இடம் பத்திரமானது என்று நம்பி நிற்பவர்களின் நங்கூரம் இழுபடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். நல்லவேளையாக நம் பக்கத்தில் நீரேற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரையும் தாண்டும். அங்கே ஓதத்தைப் பார்க்காமல் கயிறு விடவே முடியாது.

இராமேசுவரம், மண்டபம் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு கடல் உண்டு. பாக் நீரிணை வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு பக்கம் மறைவு, சோழகத்தில் மறுபக்கம் மறைவு. ஒரே படகு இரண்டிலும் ஓடும். ஆனால் வடகடலுக்குச் சரியான கயிறும் சங்கிலியும் தென்கடலுக்குப் போதாது.

வடகடலில் பெரும்பாலும் சேறும் மணலும், ஆழமும் குறைவு. மூன்று பாகம் ஆழத்தில் நின்றால், அணியத்தையும் நீரேற்றத்தையும் கூட்டி நான்கு பாகம். ஏழு மடங்குக்கு 28 பாகம், ஏறத்தாழ 50 மீட்டர். அங்கேயே தொழில் செய்யும் படகில் 30 பாகம் இருந்தால் கணக்குச் சரியாக வரும். தென்கடலில் ஆறு பாகத்தில் நின்றால் 49 பாகம் கேட்கும். அத்தனையும் எப்போதும் தேவைப்படாது, ஆனால் படகில் இருக்க வேண்டும்.

விலையைப் பார்த்தால் தயக்கம் வரும். நம் கரையோரக் கடைகளில் கயிற்றைப் பெரும்பாலும் எடை போட்டு விற்கிறார்கள். இங்கேதான் பலர் தடித்த கயிற்றை எடுத்துப் பணத்தை வீணாக்குகிறார்கள். கயிற்றின் எடை அதன் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஒரே எடைக்கு 16 மில்லிமீட்டரில் கிடைப்பதைவிட 12 மில்லிமீட்டரில் முக்கால் பங்கு நீளம் கூடுதலாகக் கிடைக்கும். 12 போதுமா? 30 அடி படகுக்கு 30 நாட் காற்றில் சுமார் 320 கிலோ இழுப்பு வரும் என்று அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சிலின் அட்டவணை வைத்துக்கொள்கிறது. அது அறை கட்டிய படகுகளுக்கும் பொருந்தும் கணக்கு. திறந்த ஃபைபர் படகுக்கு அவ்வளவு வராது. நல்ல 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு அறுபட ஏறத்தாழ மூன்று டன் வேண்டும். பத்து மில்லிமீட்டரே தாங்கும், ஆனால் கையை அறுக்கும். ஆகவே 12 வாங்குங்கள், மிச்சப் பணத்தை நீளத்தில் போடுங்கள்.

நைலான்தான் வேண்டும், மலிவான பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும். மிதக்கிற கயிறு அடுத்த படகின் புரொப்பல்லரில் சுற்றும். வெயிலில் சீக்கிரம் நைந்தும் போகும். எல்லாவற்றையும்விட, அது நீண்டு கொடுக்காது. நைலான் தண்ணீரில் மூழ்கும். அலை படகைத் தூக்கி இழுக்கும்போது சில மீட்டர் நீண்டு, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு திரும்பும். அந்த நெகிழ்வு இல்லாவிட்டால் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக நங்கூரத்துக்குப் போகும்.

அப்படியானால் சங்கிலி எதற்கு? சங்கிலியின் எடை வளைந்து தொங்கி, இழுப்பைத் தரையோடு வைக்கும் என்பார்கள். மெல்லிய காற்றில் அது உண்மை. 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, ஆக பத்து மீட்டருக்கு 14 கிலோ. நூற்றுக்கணக்கான கிலோ இழுப்பு வரும்போது அந்த வளைவு கிட்டத்தட்ட நேராகிவிடும். சங்கிலி போட்டிருக்கிறோம் என்று கயிற்றைக் குறைக்கிறவர், அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஏமாந்துபோவார். சங்கிலியை நான் கட்டாயம் என்று சொல்வது உராய்வுக்காகத்தான். தென்கடலின் பாறைத் திட்டுகளான பார்களில் நைலான் கயிறு தேய்ந்தால் ஒரே இரவில் அறுந்துபோகலாம். தரையில் கிடக்கும் பகுதி இரும்பாக இருக்க வேண்டும். வடகடலின் சேற்றுக்கு ஐந்து மீட்டர் போதும். பார்ப் பக்கம் போகிறவர் படகின் நீளத்துக்குக் குறையாமல், பத்து மீட்டர் வரை போடட்டும்.

கயிற்றைச் சங்கிலியில் வெறும் முடிச்சாகக் கட்டாதீர்கள். முடிச்சு கயிற்றின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். திம்பிள் வைத்து, இழைகளைப் பிரித்துச் சொருகிப் பின்னி, ஷேக்கிளில் மாட்டி, அதன் ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். மறுமுனை படகில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐந்து பாகத்துக்கு ஒரு முறை கயிற்றில் வண்ண நூல் சுற்றி வைத்தால், இருட்டிலும் தடவி எண்ணலாம்.

கயிற்றை அணியத்தில்தான் கட்ட வேண்டும், பின்பக்கம் ஒருபோதும் கூடாது. எஞ்சினின் எடை ஏற்கெனவே பின்பக்கத்தைத் தாழ்த்தி வைத்திருக்கும். அங்கே நங்கூரமும் இழுத்தால் அலை நேராக உள்ளே ஏறும். சிறு படகு மூழ்க இரண்டு மூன்று அலை போதும்.

காற்றின் இழுப்பும் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று 120 ஆனால் இழுப்பு 16 மடங்கு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது வீசியது அந்த அளவுக் காற்று. அதற்கு எந்தக் கயிற்றுக் கணக்கும் உதவாது, படகைக் கரையேற்றுவது ஒன்றே வழி.

காற்று திசை மாறும்போது தரையில் கிடக்கும் சங்கிலி அரைவட்டமாகத் தேய்த்துக்கொண்டு போகும். அதன் அடியில் பவளம் இருந்தால் நொறுங்கும், கடற்புல் இருந்தால் வேரோடு போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022இல் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியாவின் உணவே கடற்புல்தான். படகுக்காரருக்கும் அங்கே நங்கூரம் போடுவதில் லாபமில்லை. வேர் பின்னிய தரையில் நாக்கு புதையாது, மேலேயே வழுக்கும். பாரிலோ எதிர்மாறு: மாட்டிக்கொண்டால் வராது. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் வெளிர் நிறமாகத் தெரியும் மணல் திட்டைத் தேடி அதில் போடுங்கள். பாரில் சிக்கிய நங்கூரத்தைக் கயிறு அறுக்காமல் எடுக்கும் வழியை அடுத்த வாரம் பார்ப்போம்.